புள்ளலூருக்கு ஒரு வில்லங்கச் சான்று

அனுப்புநர்: மனை பார்க்கப் போய் மதியச் சாப்பாட்டோடு திரும்பிய ஒரு வாடகை வீட்டுக்காரன்.

பெறுநர்: உயர்திரு பதிவுத்துறைத் தலைவர் அவர்கள், சென்னை.

பொருள்: மனை – காஞ்சிபுரம் மாவட்டம், புள்ளலூர் – வில்லங்கச் சான்று – ஏழாம் நூற்றாண்டு முதல் நாளது தேதி வரை – கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. காசக்குடிச் செப்பேடு. 2. ஐஹொளே கல்வெட்டு, கி.பி. 634. 3. வேனில் கொடுத்த வண்ண நோட்டீஸ்.

ஐயா,

முப்பது வருட வில்லங்கம் பார்த்தால் போதும் என்கிறார் வக்கீல். பார்த்தேன். படிவம் 16, வில்லங்கம் ஏதுமில்லை என்று சுத்தமாக வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் காட்டினேன். “நிலத்துல வில்லங்கம் இல்ல, சரி. ஊர் எப்படி?” என்று கேட்டாள் மனைவி. அந்தக் கேள்விக்குத் தங்கள் துறையில் படிவம் இல்லை. ஆகவே சொந்தமாகத் தேடினேன். தேடியதன் விளைவே இம்மனு.

முதல் பதிவு பல்லவர் காலத்தது. புள்ளலூரில் தன் முக்கியப் பகைவர்களை மகேந்திரவர்மன் அழித்தான் என்கிறது காசக்குடிச் செப்பேடு. பகைவர் யார் என்று பெயர் போடவில்லை. வாதாபிச் சாளுக்கியன் இரண்டாம் புலிகேசிதான் என்று வரலாற்றாசிரியர்கள் பலரும் கொள்கிறார்கள். புலிகேசி தரப்பின் ஆவணமோ ஐஹொளேயில் கல்லிலேயே இருக்கிறது. தன் படை கிளப்பிய தூசியில் பல்லவ மன்னன் காஞ்சி மதிலுக்குப் பின்னால் போய் மறைந்தான் என்கிறது அது. ஒரே சொத்து, இரண்டு பத்திரம், இருவரும் ஜெயித்திருக்கிறார்கள். இரட்டைப் பதிவு தங்கள் காலத்தில் வந்த நோய் என்று நினைத்துத் தாங்கள் வருந்தியிருந்தால், அந்த வருத்தத்தை இன்றோடு விட்டுவிடலாம்.

அடுத்த பதிவு 10.09.1780. கிழக்கிந்தியக் கும்பினியின் கர்னல் பெய்லி குண்டூரிலிருந்து படையோடு இறங்கி வருகிறார். காஞ்சியில் காத்திருக்கும் தளபதி மன்றோவோடு சேர வேண்டும். ஹைதர் அலியும் திப்புவும் அவரைப் புள்ளலூர்ப் பக்கத்திலேயே மடக்கினார்கள். வெடிமருந்து வண்டிகள் வெடித்தன, படை அழிந்தது, பெய்லி சிறைப்பட்டார். ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே 1782-இல் இறந்தும் போனார். அவ்வளவு பக்கத்தில் இருந்த மன்றோ என்ன செய்தார்? பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்கு நடையைக் கட்டினார். ஆபத்துக்கு ஓடிவருவார்களா என்று அக்கம்பக்கத்தைப் பற்றி விசாரிப்பது எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குக் கிடைக்கவில்லை.

மூன்றாவது 27.08.1781. இம்முறை கும்பினிக்கு ஐர் கூட் தலைமை. முந்தைய வருடம் வென்ற இடம், ராசியான மண் என்று ஹைதர் அங்கேயே நின்றதாகப் பழைய வரலாறுகள் சொல்கின்றன. வாஸ்து பார்த்து மனை எடுப்பவர்கள் இந்த வரியை அடிக்கோடிட்டுக்கொள்ளலாம். அன்று யாருக்கும் முடிவான வெற்றி இல்லை. செத்த இரண்டு ஆங்கில அதிகாரிகளுக்குத் தூபி நட்டார்கள். இன்றும் இருக்கின்றன.

1780 வெற்றியைத் திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் தீட்டி வைத்தான். பல்லக்கில் பெய்லி பரிதாபமாக உட்கார்ந்திருப்பார். புள்ளலூருக்கு வெளிவந்த முதல் வண்ண விளம்பரம் அதுதான் என்பேன். அதே காட்சியின் இன்னொரு ஓவியம் 2022 மார்ச்சில் லண்டனில் ஆறு லட்சம் பவுண்டுக்கு மேல் ஏலம் போனது. அதே வருடம் ஆகஸ்டில் அருகில் உள்ள பரந்தூரில் விமான நிலையம் அறிவிப்பானது. படத்துக்கு விலை ஏறி ஐந்தே மாதத்தில் மண்ணுக்கும் ஏறியது.

இப்போது பார்வை 3-க்கு வருகிறேன். வேனில் ஏசி உண்டு, சாப்பாடு உண்டு, அன்றே முன்பணம் கட்டினால் தங்கக் காசும் உண்டு. “ஏர்போர்ட் பதினஞ்சே நிமிஷம் சார்” என்றார் தரகர். ஓடுதளம் இன்னும் போடவில்லை, நிமிஷம் மட்டும் போட்டாயிற்று. “விமானச் சத்தம் கேக்குமா?” என்றேன். “ச்சே, அது ரொம்பத் தள்ளி சார்.” விலை சொல்லும்போது பக்கத்திலும் சத்தம் கேட்கும்போது தூரத்திலும் இருக்கும் விமான நிலையம் உலகத்தில் வேறெங்கும் இருக்காது.

அந்த நோட்டீஸில் இல்லாத விஷயங்கள் சில உண்டு. திட்டத்துக்காகப் பல கிராமங்களில் ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் குறித்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றான ஏகனாபுரத்து மக்கள் இரவு இரவாகக் கூடிப் போராடியிருக்கிறார்கள், கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கம்பன் கால்வாய் அந்த நிலத்தின் குறுக்கேதான் ஓடுகிறது. சைட் பார்க்கும் வேன் சித்திரையில் கிளம்புகிறது, வைகாசியில் கிளம்புகிறது, ஐப்பசியில் மட்டும் ஏனோ கிளம்புவதில்லை. ஏரிகள் நிறைந்த மாவட்டத்தில் கோடையில் மனை பார்ப்பது, மாப்பிள்ளை தூங்கும்போது மாப்பிள்ளை பார்க்கப் போவது மாதிரி. ஒன்றும் தெரியாது.

எனவே சான்றில் சில புதுக் கலங்கள் வேண்டும். ஐப்பசி மழையில் முழங்கால் அளவா, கணுக்கால் அளவா? கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, அது வருமா? ராத்திரி பத்து மணிக்குத் தெருவிளக்கு எரிகிறதா? கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகுமா? சக்குபந்தியில் வடக்கே இன்னார் நிலம், தெற்கே பொதுவழி என்று எழுதுகிறீர்கள். அந்த இன்னார் எப்படிப்பட்டவர் என்று ஒரு வார்த்தை சேர்த்தால் மை குறைந்துவிடுமா?

இப்படியெல்லாம் எழுதலாம் என்று யோசித்தபடி டீக்கடையில் உட்கார்ந்தேன். பெஞ்சில் இருந்த பெரியவரிடம், “ஊர் எப்படிங்க? பயமில்லாம இருக்கலாமா?” என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீ எந்த ஊரு தம்பி? என்ன வேலை? வூடு கட்டிக் குடி வருவியா, இல்ல கல்லு நட்டுட்டுப் போயிடுவியா?”

நான் பதில் சொல்லவில்லை. என் திட்டம் இரண்டாவதுதான். ஐந்து வருடம் கழித்து விற்கலாம் என்றிருந்தேன்.

அப்போதுதான் உறைத்தது. மேலே நான் அடுக்கிய வில்லங்கங்களில் ஒன்றுகூட இந்த ஊர்க்காரர் செய்ததில்லை. வாதாபிக்காரன் வந்தான், மைசூர்க்காரன் வந்தான், ஸ்காட்லாந்துக்காரன் வந்தான். அடித்துக்கொண்டார்கள், கல் நட்டார்கள், போய்விட்டார்கள். இப்போது மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லோடு நாங்கள்.

இதே மாவட்டத்து உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருப்பது தாங்கள் அறிந்ததே, கி.பி. 919, 921. சபை வாரியத்துக்கு வர வேண்டுமானால் வரி கட்டும் நிலம் கால்வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவுக்காரர்களுக்கும் இடமில்லை. ஊர் ஆளுக்கு வில்லங்கம் பார்த்திருக்கிறது, ஐயா.

ஆகவே முதல் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு இதைக் கோருகிறேன். ஒரு கிராமத்தில் மனை பதிய வரும் வெளியூர்க்காரர் ஒவ்வொருவர் மீதும் ஒரு வில்லங்கச் சான்று எடுத்து, பத்திரம் பதியும் முன் அந்த ஊர் டீக்கடையில் ஒட்டுமாறு உத்தரவிட வேண்டுகிறேன். குடி வருவாரா, கல் நடுவாரா என்ற கலம் கட்டாயம் இருக்கட்டும்.

முதல் சான்றுக்கு என் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். வில்லங்கம் உண்டு, படிவம் 15.

இப்படிக்கு,
முன்பணம் இன்னும் கட்டாதவன்.