முதலிடம் பிடித்த கொட்டகை

2017 நவம்பரில், லண்டனின் ஆயிரக்கணக்கான உணவகங்களை முந்திக்கொண்டு டிரிப்அட்வைசர் விமர்சனத் தளத்தில் முதலிடத்துக்கு வந்தது 'தி ஷெட் அட் டல்லிச்'. அதில் ஒரேயொரு குறை, அப்படியொரு உணவகமே கிடையாது. ஊபா பட்லர் என்ற எழுத்தாளரின் தோட்டத்துக் கொட்டகை அது. விமர்சனத்துக்கு 10 பவுண்டு வாங்கிக்கொண்டு, தான் சாப்பிடாத கடைகளைப் புகழ்ந்து எழுதிப் பழகியவர். தொழில் தெரிந்த கை. ஷேவிங் நுரையையும் பெயிண்டையும் விருந்துபோல் படமெடுத்தார். நண்பர்கள் நட்சத்திரங்களை வாரி வழங்கினார்கள். முன்பதிவு கேட்டவர்களிடம் 'இடமில்லை' என்று சொல்லச் சொல்ல மவுசு ஏறியது.

காசு வாங்கி எழுதுபவரைத் திட்டுவது சுலபம். ஆனால் அவர் போடுவது முதல் சில நட்சத்திரங்களைத்தான்; மிச்சத்தை நாம் இனாமாகப் போடுகிறோம். 2013இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வில், வாசகர் கருத்துகள் சிலவற்றுக்கு முதல் ஆதரவு வாக்கை ஆய்வாளர்களே கண்ணை மூடிக்கொண்டு போட்டுவைத்தார்கள். இறுதி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் உயர்ந்தது. கொட்டகை விஷயத்திலோ, பொய்க்கடை போடுவதெல்லாம் பத்திரிகைக்காரர்களின் வேலை, நிஜ உலகில் நடக்காது என்று டிரிப்அட்வைசர் சமாதானம் சொன்னது. வாஸ்தவம்தான். இல்லாத கடையையே உச்சியில் ஏற்ற முடிந்தால், இருக்கிற சுமாரான கடையை ஏற்றுவதா கஷ்டம்? சரி, நேரில் போய்ச் சாப்பிட்டால் நாக்கு சொல்லிவிடாதா? பட்லர் ஒரே ஓர் இரவு கொட்டகையைத் திறந்து, சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய ரெடிமேட் சாப்பாட்டைச் சூடாக்கிப் பரிமாறினார். சாப்பிட்டவர்களில் சிலர், ஒருமுறை வந்துவிட்டதால் அடுத்த தடவை இடம் சுலபமாகக் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.