கைலி மூட்டை கடந்த வெள்ளாறு

எங்கள் அப்பாவுக்குத் தண்ணீர் என்றால் பயம். குறிஞ்சிப்பாடியில் குழித்தறியில் உட்கார்ந்து கைலி நெய்தவர். கால் பள்ளத்தில், கண் பாவில். ஆற்றோடு அவருக்கு என்ன வேலை? ஆனால் நெய்ததை விற்றாக வேண்டுமே. எழுபதுகளில், பள்ளிக்கூட லீவு நாட்களில், என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு மூட்டையோடு பஸ் ஏறுவார். புவனகிரி போய் அங்கிருந்து பறங்கிப்பேட்டை. கடைத்தெருவில் போனது போக மிச்சத்தைக் கிள்ளைப் பக்கம் கொண்டுபோக, வெள்ளாற்றைத் தோணியில் கடக்க வேண்டும்.

தோணியின் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் கிடக்கும். உப்புத்தண்ணீர் பட்டால் கைலியின் கஞ்சி போய்விடும், விலையும் போய்விடும். அதனால் மூட்டை அவர் மடியில்தான். ஒரு கை மூட்டை மேல், இன்னொரு கை என் சட்டைக் கழுத்தில். முகத்துவாரத்துப் பக்கமிருந்து காற்று வந்து தோணி லேசாக ஆடினால் போதும், வள்ளலாரைக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார். அக்கரை சேர்ந்ததும் ஒவ்வொரு முறையும் சொல்வது ஒன்றுதான்: "ஒரு பாலம் மட்டும் போட்டுட்டா, இந்தக் கழிப்பக்கம் நான் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்."

அந்த ஆற்றில்தான் போன தை மாதம் பணம் கட்டிவிட்டுத் துடுப்புப் போட்டேன். என் மகளும் அவள் சிநேகிதிகளும் ஒரு குழுவோடு ஏற்பாடு செய்திருந்தார்கள்: பறங்கிப்பேட்டையில் கயாக் ஏறி, கழி வழியாகக் கிள்ளை, அங்கிருந்து பிச்சாவரம். கேரளத்தில் நிலம்பூரிலிருந்து பேப்பூர் வரைக்கும் சாலியாற்றில் மூன்று நாள் கூட்டமாகக் கயாக்கில் போகிறார்கள் என்று மகள் சொல்லியிருக்கிறாள். பழைய துறைமுக ஊர்களைத் தண்ணீர் வழியாகவே போய்ப் பார்ப்பது நல்ல காரியம்தான். இந்த வயதில் முடியுமா என்று என்னை யாரும் கேட்கவில்லை. லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, துடுப்பின் எந்தப் பக்கம் முன்னால் வர வேண்டும் என்று காட்டி, இறக்கிவிட்டார்கள்.

கயாக்கில் தண்ணீர் இடுப்புக்குச் சமமாக நிற்கிறது. தோணியில் மேலிருந்து பார்த்த ஆறு வேறு, இது வேறு. கடல் வெள்ளம் ஏறுகிற நேரம் பார்த்துக் கிளம்பியதால் கழிக்குள் தண்ணீரே எங்களை இழுத்துக்கொண்டு போனது. வழிகாட்டி சென்னைப் பையன். பொறுமைசாலி, பறவைகளை நன்றாகத் தெரிந்தவன். வேர் ஊன்றி நிற்கும் சுரபுன்னையையும், சேற்றிலிருந்து குச்சி குச்சியாக மூச்சுவேர் நீட்டும் கண்டலையும் பிரித்துக் காட்டினான். பிச்சாவரம் 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்ததைச் சொன்னான். 'இதயக்கனி' படம் இங்கே எடுத்ததையும் சொன்னான். அத்தனையும் சரி. ஆனால் அவன் சொன்ன ஆற்றில் மனிதர்களே இல்லை. எனக்கு அதுதான் உறுத்தியது.

1781 ஜூலையில் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் மோதியது இந்தப் பறங்கிப்பேட்டையில். அதை விடுங்கள், சண்டைக் கதை எங்கேயும் கிடைக்கும். 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் இங்கே இரும்பாலை நடத்தினார். இரும்புக்கல் சேலத்து மலையிலிருந்து வந்தது. ரயில் வராத காலம். காவிரியில் வெள்ளம் ஓடும் சில மாதங்களில் பரிசலில் ஏற்றி, கொள்ளிடத்தில் இறக்கி, கான்சாகிப் வாய்க்கால் வழியாக இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். உருக்குவதற்கு நிலக்கரி இல்லை, மரக்கரிதான். அதற்கு எத்தனை காடு அழிந்திருக்கும்! அந்தப் பரிசலைத் தள்ளியவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. இந்தத் தண்ணீரில் துடுப்புப் போட வருகிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டிய கதை அவர்களுடையது என்பது என் கட்சி.

இந்தச் சுரபுன்னைக் காட்டின் கதையும் அப்படித்தான். வெள்ளைக்காரர் காலத்திலிருந்து பகுதி பகுதியாக மொத்தமாக வெட்டிவந்ததில், நிழல் போன தரை வெயிலில் காய்ந்து நடுவில் பள்ளமாக இறங்கிவிட்டது. ஏறிய வெள்ளம் வடியாமல் பள்ளத்தில் தேங்கி, வற்றி, உப்பாக உறைய, செடி முளைக்கவில்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து, மீன் முள்ளைப்போல ஒரு நடு வாய்க்காலும் அதிலிருந்து சாய்வாகக் கிளை வாய்க்கால்களும் வெட்டி, கடல் தண்ணீர் தினமும் வந்து போக வழி செய்தார்கள். காடு திரும்ப வந்தது. மண்வெட்டி பிடித்த ஊர்க்காரர்களைச் சொல்லாமல் சுரபுன்னையை மட்டும் எப்படிக் காட்டுவது?

எங்களோடு பாதுகாப்புக்கு வந்த படகை ஓட்டியவர் கிள்ளைக்காரர். அவரிடம் கேட்ட பிறகுதான் ஆறு பேச ஆரம்பித்தது. ஓரத்தில் மார்பளவு தண்ணீரில் சில பெண்கள் நின்றிருந்தார்கள். இருளர்கள். வலை கிடையாது, சேற்றில் கையால் தடவி இறாலைப் பிடித்து, பல்லில் கடித்துக்கொண்டிருக்கும் ஓலைப் பறியில் போடுகிறார்கள். எங்கள் குழுவில் ஒரு பெண் போனை எடுத்தாள். "வேணாம்மா, வேலை செய்யறாங்க" என்றார் அவர். போன் உள்ளே போய்விட்டது.

எம்.ஜி.ஆர். திட்டு அருகே வந்ததும் வழிகாட்டி பத்து நிமிஷம் ஓய்வு என்றான். படம் எடுக்க நல்ல இடம். படகுக்காரர் என் கயாக் பக்கமாக வந்தார். "அக்கா, இங்க வீடுங்க இருந்துச்சு. சுனாமிக்கு முன்னாடி நீங்க வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்." வந்திருக்கிறேன் என்றேன், அப்பாவோடு. 2004 டிசம்பர் 26 காலையில் அலை இந்தத் திட்டின் மேலேயே ஏறிப் போனது. பிழைத்தவர்களை உள்ளே தள்ளிக் குடியேற்றினார்கள். காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்கு அவ்வளவு சேதமில்லை. காட்டுக்கு முன்னால் மணலில் இருந்தவர்களுக்கு மறைப்பு எதுவுமில்லை. அவர் இதை அடுக்கிச் சொன்ன விதத்தில், சுரபுன்னை எதற்கு என்பது அந்தப் பிள்ளைகளுக்கு ஒரே நிமிஷத்தில் விளங்கிவிட்டது.

"உங்க ஊர்ல ஆறு இருக்கா ஆன்ட்டி?" என்று மகளின் சிநேகிதி கேட்டாள். பரவனாறு இருக்கிறது. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை ராப்பகலாக இறைத்தால்தான் வெட்ட முடியும். அப்படி இறைத்த நீரில் ஒரு பங்கு பரவனாற்றில் விழுந்து, வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் வந்து, எங்கள் பக்கத்து வயல்களுக்குப் பாய்கிறது. அதே ஆற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட 2023 ஜூலையில் வளையமாதேவியில் பச்சைப் பயிருக்குள் இயந்திரம் இறங்கியது. தண்ணீர் கொடுப்பதும் வயலை எடுப்பதும் ஒரே சுரங்கம். இதையெல்லாம் சொன்னபோது அவள் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். கேட்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சொல்கிறவர்களைத்தான் காணோம்.

பிச்சாவரத்தில் கரையேறியதும் வழிகாட்டிப் பையனிடம் நேராகவே பேசினேன். அந்தப் படகுக்காரருக்கு நீ கொடுப்பது படகு வாடகை. கதை சொல்வதற்கும் சேர்த்துக் கொடு, முன்னால் உட்கார வை என்றேன். அவன் முகம் சுளிக்கவில்லை. "நானே கேக்கணும்னு இருந்தேன் ஆன்ட்டி. அவர் பேசுவாரான்னு தெரியல" என்றான். பக்கத்திலேயே கயிறு சுருட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "கேட்டாத்தானே தம்பி."

எங்கள் தெருவில் தறி குறைந்துவிட்டது. இருக்கிற நெசவுக்காரர்களின் பிள்ளைகளைக் கோடை லீவில் ஒரு நாள் இதே வழியில் அழைத்துப்போக வேண்டும் என்று பேசிவருகிறோம். கயாக் வாடகைதான் கட்டுபடியாகவில்லை. படகுக்காரரிடம் கேட்டதில், பெரிய படகாக எடுத்துக்கொண்டால் டீசலுக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்கிறார்; பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் மட்டும் நாங்கள் ஏற்பாடு செய்ய வேண்டுமாம்.