மகனும் தாயும் ஒரே குரலில்

கேள்வி: கிரேக்கத் துன்பியல் நாடகங்களைப் புத்தகத்தில் படித்தால் போதாதா? மேடையில் பார்த்தே ஆகவேண்டுமா?

பதில்: தாராளமாகப் படியுங்கள். படிக்கும்போதே விரல்விட்டு நடிகர்களையும் எண்ணுங்கள், மூன்றாவது விரலோடு நிறுத்திவிட வேண்டும்! ஏதென்ஸ் நாடகப் போட்டிகளில் பேசும் பாத்திரங்கள் அத்தனையையும் பங்கிட்டுக்கொண்டவர்கள் மூன்றே பேர். மூவரும் ஆண்கள், முகமூடி அணிந்தவர்கள். ஆடிப் பாடக் கோரஸ் தனி.

இந்தக் கணக்கோடு யூரிப்பிடிஸின் ‘பாக்கே’ நாடகத்தைத் திறந்து பாருங்கள். அவர் கி.மு. 406 வாக்கில் இறந்த பிறகு மேடையேறிப் பரிசு வென்ற நாடகம். தீப்ஸ் அரசன் பென்தியஸ், டயனைசஸை மதிக்காதவன். அந்தத் தெய்வம் ஏற்றிய வெறியில் தாய் அகாவே மகனையே கிழித்துக் கொல்கிறாள். சிங்கத்தை வேட்டையாடியதாக நம்பி, தலையோடு பெருமை பொங்க வருகிறாள்.

படிக்கும்போதே குலை நடுங்கும். ஆனால் மகனாகவும் தாயாகவும் நடித்தவர் ஒருவரே என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். கையிலிருந்த தலை, சற்றுமுன் அவரே அணிந்திருந்த முகமூடியாக இருந்திருக்கலாம். செத்தவன் குரலே அவனைக் கொன்றவளின் குரலாகக் கேட்கிறது! இதை எந்த வரியும் சொல்லாது. பிரதியில் மேடைக் குறிப்பும் அநேகமாகக் கிடையாது. அகாவேயின் வெறி தெளிவதும் பேச்சிலேயே நடக்கிறது: அவள் தந்தை, கிழவர் காட்மஸ், முதலில் மகளை வானத்தைப் பார்க்கச் சொல்கிறார். பிறகு வரிக்கு வரி கேள்வி, பதில். கடைசியில்தான் கையிலிருப்பதைப் பார்க்கிறாள்.

அந்தப் பகுதியை நண்பர் ஒருவரோடு உரக்கப் படித்துப் பாருங்கள். நல்ல அரங்கேற்றம் வந்தால், எதை அடகு வைத்தாவது டிக்கெட் வாங்கிவிடுங்கள்.