கார் கழுவு சாமான்களின் வைப்புமுறை: எண்வகைப் பொருள்கோள் வழி ஓர் ஆய்வு (உல்லாஸ்நகரைச் சிறப்பாக முன்வைத்து)

கார் கழுவும் சாமான்களை வீட்டில் எங்கே வைப்பது என்பது பற்றித் தமிழில் முறையான ஆய்வு இதுவரை இல்லை. அந்த இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். எல்லா ஆய்வுக் கட்டுரைகளும் ஓர் இடைவெளியை நிரப்பத்தான் பிறக்கின்றன. இத்தனை பேர் நிரப்பியும் இடைவெளி குறையாதது ஏன் என்பது தனி ஆய்வுக்குரியது. அதற்கும் ஒருவர் பதிவு செய்திருப்பார்.

ஆய்வுக் களம் உல்லாஸ்நகர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கல்யாண் அருகே படையினருக்காகப் போட்ட முகாமில், பிரிவினைக்குப் பின் சிந்தி அகதிகளைக் குடியமர்த்தினார்கள். 1949 ஆகஸ்ட் 8 அன்று கவர்னர் ஜெனரல் ராஜாஜி அடிக்கல் நாட்ட, முகாம் ஊரானது. இதனால் இவ்வூருக்கும் தமிழுக்கும் உள்ள தொன்மைத் தொடர்பு ஐயமற நிறுவப்பட்டது. இதைவிட மெலிந்த நூலைப் பிடித்துக்கொண்டு சுமேரியா வரை போய் வந்தவர்கள் நம்மிடையே உண்டு. ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிட்ட கேம்ப்புகள், வரிசை வரிசையாகப் பேரக்குகள். அவற்றைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தவர்கள் காருக்கென்று அறை ஒதுக்கவில்லை. இன்றும் இங்கே கராஜ் என்றால் மெக்கானிக் கடைதான். எனவே கார் தெருவில் நிற்க, சாமான் வீடு முழுக்கப் பரவிக் கிடக்கிறது. ஆய்வுச் சிக்கல் இங்கே தொடங்குகிறது.

செய்யுளில் சொற்கள் முன்னும் பின்னும் கிடந்தால் எப்படிக் கூட்டிப் பொருள் கொள்வது என்பதுதான் பொருள்கோள். அதற்குத் தொல்காப்பியர் நான்கு வழி சொன்னார். சீயகங்கன் கேட்க நன்னூல் செய்த பவணந்தி முனிவர் அதை எட்டாக்கினார். இடைக்காலத்தில் சாமான் பெருகியதே காரணம் என்பது என் துணிபு. மறுப்போர் தம் பரணைத் திறந்து பார்க்கலாம்.

முதலாவது ஆற்றுநீர். தொடங்கிய இடத்திலிருந்து முடியும் இடம்வரை ஒழுங்காகப் போவது. அமெரிக்கக் கராஜ்களில் உண்டு என்கிறார்கள். உல்லாஸ்நகரில் சான்று கிடைக்கவில்லை.

மொழிமாற்று: ஹார்லிக்ஸ் பாட்டிலில் கார் ஷாம்பூ, ஷாம்பூ பாட்டிலில் பினாயில், பினாயில் பாட்டிலில் டேஷ்போர்டு பாலிஷ். இவ்வூர்ச் சரக்கின் மேல் இருக்கும் 'மேட் இன் யுஎஸ்ஏ' என்பதற்கு உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன் என்று விரிவு சொல்லும் பழைய கேலி ஒன்று உண்டு. லேபிளை நம்பாதே என்ற பாடவேறுபாட்டுக் கோட்பாடு இங்கே எவரும் கற்பிக்காமலே வேரூன்றியிருக்கிறது (மேல் மாடி மாமி, வாய்மொழி).

நிரனிறையில் சற்று நிற்க வேண்டும். பெயர்களை ஒரு வரிசையிலும் அவற்றுக்குரிய பயனிலைகளை இன்னொரு வரிசையிலும் நிறுத்துவது நிரனிறை. துணிகளுக்கு இது அப்படியே பொருந்துகிறது. மஞ்சள், நீலம், பச்சை, கறுப்பு. கண்ணாடி, பாடி, கதவிடுக்கு, சக்கரம். வரிசை பிசகினால் என்ன ஆகும்? பெயிண்டின் மேலிருக்கும் கிளியர் கோட் ஒரு தாளின் தடிமனில் ஏறக்குறையப் பாதிதான். சக்கரத்தில் ஒட்டியிருப்பதோ பிரேக் தேய்ந்து உதிர்ந்த இரும்புத்தூள். அதைத் துடைத்த துணி பானெட்டில் பட்டால், வெயிலடிக்கும்போது சிலந்தி வலை போலக் கீறல்கள் தெரியும். பக்கத்து ஜீன்ஸ் பட்டறையில் சும்மா கிடைக்கிறதே என்று கத்தரன் துண்டுகளை அள்ளி வருகிறவர் அதில் ஒரு ரிவெட் மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பதில்லை. திருப்பூர் பனியன் வேஸ்ட் மென்மையானது. ஆனாலும் தரையில் விழுந்த கணமே அதன் நிலை மாறிவிடுகிறது.

இந்த நிலை மாற்றத்தைத்தான் அறிஞர்கள் கவனிக்கத் தவறினார்கள். லூயி துய்மோன் தூய்மை, தீட்டு என்னும் எதிர்நிலையை வைத்து இந்தியச் சமூகம் முழுவதையும் விளக்கி நூல் எழுதியது 1966இல். அழுக்கு என்பது இடம் மாறிய பொருள் என்ற கருத்தை மேரி டக்ளஸ் விரித்து எழுதியதும் அதே 1966. இருவரில் ஒருவராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இங்கே வந்து துணி காயும் கொடியைப் பார்த்திருந்தால் பாதிப் பக்கத்தில் முடித்திருக்கலாம். கொடியின் உச்சியில் டேஷ்போர்டுப் பிள்ளையாரைத் துடைக்கும் துணி. அது தனியாகக் காயும். மற்றவை அதன்மேல் சொட்டக்கூடாது. அதற்குக் கீழே கண்ணாடித் துணி, அதற்கும் கீழே பாடித் துணி, சக்கரத் துணி. சைலன்சரைத் துடைத்தது கொடிக்கே வராது, படிக்கட்டுக்கு அடியில், மீட்டர் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் (மேலது, அதாவது அதே மாமி, அதே மாடி).

எம்.என். சீனிவாஸ் 1952இல், கீழ்ப்படியில் இருப்போர் மேற்படியின் ஆசாரங்களைக் கைக்கொண்டு காலப்போக்கில் ஏறலாம் என்றார். துணிகளிடையே இதற்குச் சான்றில்லை. சக்கரத் துணியை மூன்று நாள் சர்ஃபில் ஊறவைத்து, வெந்நீரில் அலசி, சாம்பிராணி காட்டினாலும் பிள்ளையாரிடம் யாரும் எடுத்துப் போவதில்லை. இறங்குவதற்கு மட்டும் ஒரு கை தவறினால் போதும் (வாட்ச்மேன், கேட் அருகில் கூறியவை, திருத்திய பதிப்பு, டாங்கர் வந்த அவசரத்தில் சொன்ன முதற்பதிப்பில் இவ்வரி இல்லை). மைக்ரோஃபைபர் வந்தபின் எல்லாத் துணியும் சமம் என்று ஒரு சாரார் வாதிடுகிறார்கள். பெரும்பாலும் எண்பது பங்கு பாலியெஸ்டர், இருபது பங்கு பாலியமைடு என்று எல்லாமே ஒரே நூல் என்பது உண்மைதான். ஆனால் வாங்கிய அன்றே அவற்றை நிறம் பார்த்துத் தனித்தனி ஆணியில் மாட்டிவிடுகிறோம். இது பற்றி முந்தைய தலைமுறையின் கருத்து மேலும் கடுமையானது (மாமியின் மாமியார், மூலம் கிடைக்கவில்லை, மாமியின் உரைவழியே அறிகிறோம், உரையாசிரியருக்கு மூல ஆசிரியர்மேல் காழ்ப்பு உண்டு என்பர்).

விற்பூட்டில் முதற்சொல்லும் கடைசிச் சொல்லும் கூடிப் பொருள் தரும்: முதலில் வேண்டிய ஷாம்பூ குளிக்கும் மோரியில், கடைசியில் வேண்டிய வாக்ஸ் பால்கனியில், நடுவில் முழு வீடு.

தாப்பிசையில் நடுச்சொல் இருபுறமும் சென்று பொருந்தும். அதுதான் பால்டி. இரண்டு பால்டி வேண்டும் என்பது கார் கழுவும் நூலோர் விதி: ஒன்றில் சோப்பு நீர், மற்றதில் துணியை அலச வெறும் நீர், மணல் அடியில் தங்கிவிடும். நேரம் பார்த்துத் தண்ணீர் வரும் ஊரில் இரண்டாவது பால்டி குளிப்பவருடையது. இருபது லிட்டர் பெயிண்ட் டப்பாவைக் காலி செய்து வைத்திருப்பவர் தப்பித்தார்.

அளைமறிபாப்பு, வளைக்குள் நுழையும் பாம்பு தலையைத் திருப்புவது. ஹோஸ் பைப்பைச் சுருட்டியவர்களுக்கு உரை வேண்டாம். குழாயில் மாட்ட வேண்டிய முனை எப்போதும் சுருளின் அடியில்தான் இருக்கும்.

அடிமறிமாற்று: எதை எங்கே வைத்தாலும் ஒன்றுதான். எங்கள் கொள்கை.

கொண்டுகூட்டுதான் இவ்வூர் வழக்கு. துணி கொடியில், வாக்ஸ் பரணில், பிரஷ் டிக்கியில், ஷாம்பூ மாவு டப்பாவுக்குப் பின்னால். கூட்டி எடுத்து வருவதற்குள் தண்ணீர் நின்றுவிடும். எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ இருப்பதோடு கூட்டுவதில் நச்சினார்க்கினியருக்கு நிகரில்லை. முல்லைப்பாட்டில் அவர் இப்படிச் செய்ததை மறைமலையடிகள் கடிந்துகொண்டார். அடிகளாருக்குக் கார் கிடையாது என்பதைக் கருதி அதை மன்னிக்கலாம்.

விடியலில் பத்துப் பன்னிரண்டு கார்களைத் துடைக்க ஓர் ஆள் வருகிறார். ஒரு பால்டி, தோளில் ஒரு துணி. பிள்ளையாருக்கும் சக்கரத்துக்கும் அதே துணி. இத்தரவு என் கோட்பாட்டுக்கு ஒத்துவராததால், துறை மரபுப்படி ஆய்வெல்லையிலிருந்து விலக்கப்பட்டது. அவர் காலை ஏழு மணிக்கு முன்பே வேலையை முடித்துவிடுகிறார் என்பதையும் பதிவு செய்கிறேன். இதை ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கில் வாசிக்க எண்ணமுண்டு. அயல்நாட்டிலிருந்து ஒருவர் கட்டுரை அனுப்பினால் பன்னாடாகிவிடும். தொகுப்பு நூலுக்குப் பணம் கட்டத் தயார்.

பவணந்தியார் விட்ட ஒன்பதாவது வகையை இக்கட்டுரை முதன்முறையாக வெளியிடுகிறது: இரவல். பொருள் இன்னொருவர் வீட்டில் இருக்கும். நாம் இங்கே தேடிக்கொண்டிருப்போம். சமண முனிவரான அவருக்கு எதிர்வீட்டுக்காரர் இல்லாததால் இது அவர் அறிவுக்கு எட்டவில்லை. எதிர்வீட்டுக்காரர் இதை வாசிக்க நேர்ந்தால், ஹோஸ் பைப்பின் பித்தளை முனையை நாளைத் தண்ணீர் வருவதற்குள் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.