டயர் பெருத்தால் கியர் என்ன செய்யும்?

கேள்வி: என் ஜீப் ராங்லர் ரூபிகானில் 32 அங்குல டயரை எடுத்துவிட்டு 35 அங்குலம் போட்டேன். ஆக்ஸில் விகிதம் 4.10. மேடு ஏறத் திணறுகிறதே?

பதில்: விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டாமா? வீக்கம் வந்துவிட்டது, விரல் அப்படியே இருக்கிறது! உங்கள் 4.10 இப்போது 3.75 அளவுக்குத்தான் இழுக்கும்.

கணக்கு எளிது. 35-ஐ 32-ஆல் வகுத்து 4.10-ஆல் பெருக்கினால் 4.48. கடையில் கிடைப்பதில் அதற்கு அடுத்தது 4.56, அதையே வாங்குங்கள். மலையும் மூட்டையும் அதிகமென்றால் 4.88 போடலாம், ஆனால் நெடுஞ்சாலையில் இன்ஜின் கூடுதலாகச் சுழலும்.

4.10-இல் கிரவுனுக்கு 41 பல், பினியனுக்கு 10. 4.56-இல் கிரவுனுக்கு அதே 41, பினியனுக்கு 9. ஒரு பல் குறைந்ததும் வண்டிக்குப் பலம் கூடிவிடுகிறது!

பின் ஆக்ஸிலோடு நிறுத்திவிடாதீர்கள். முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஃபோர் வீல் போட்டதும் இரண்டும் இழுபறி செய்து டிரான்ஸ்ஃபர் கேஸைப் பதம் பார்த்துவிடும்.

வேலை நடக்கும்போது உடனிருங்கள். மெக்கானிக் பற்களில் வண்ணம் தடவிச் சுழற்றி, தடம் பல்லின் நடுவே விழும்வரை ஷிம்மை மாற்றி வைக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் புது கியர் ஊளையிடும்.

ஸ்பீடோமீட்டரையும் இன்றே திருத்தச் சொல்லுங்கள். அது 60 காட்டும்போது நீங்கள் போவது 65-க்கும் மேலே!