கயித்தோட திரும்பி வந்தவங்க

வா மாப்ளே, உக்காரு. கோல்கீப்பர் மார்க்-ஆந்த்ரே ஃப்ளூரியை லாஸ் வேகாஸ்காரங்க அனுப்பி வச்சது 2021 ஜூலை 27. அந்த மனுஷனே 2025-ல ஆட்டத்தை முடிச்சுக்கிட்டு நிம்மதியா இருக்காரு. நீ மட்டும் இன்னும் அவரோட 29-ம் நம்பர் சட்டையை மாட்டிக்கிட்டு, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியிறே.

உன் கோவத்துல ஞாயம் இல்லேன்னு சொல்லலை. 2017-ல கோல்டன் நைட்ஸ் டீமை ஆரம்பிச்சப்போ, பாலைவனத்துல ஐஸ் ஹாக்கியான்னு சிரிச்சவன் எத்தனை பேரு! பிட்ஸ்பர்க்ல மூணு தடவை ஸ்டான்லி கப் ஜெயிச்ச ஆளு, சிரிச்ச முகமா வந்து வேகாஸ் கோல் வாசல்ல நின்னாரு. மொத வருஷமே ஃபைனல் வரைக்கும் போயிட்டாங்க. ஊரே அவருகிட்ட சொக்கிப்போச்சு. 2020-21-ல 26 ஜெயிப்பு, 10 தோல்வி. அந்த வருஷத்து நல்ல கோல்கீப்பர்னு வெசினா விருது, அதுவும் 36 வயசுல. விருது வந்து ஒரு மாசம்கூட ஆகலை, மூட்டையைக் கட்டுன்னுட்டாங்க.

ஆனா நிர்வாகம் பண்றவன் கஷ்டம் உனக்குத் தெரியாது மாப்ளே. ஒரு டீமு சம்பளத்துக்கு இவ்வளவுதான்னு ஒரு வரம்பு உண்டு. அப்போ எட்டு கோடியே 15 லட்சம் டாலர். கொரோனா வந்ததால அது ஏறவும் இல்லை. ஃப்ளூரிக்கு வருஷத்துக்கு 70 லட்சம். கூட ராபின் லெனர்னு இன்னொரு கோல்கீப்பர், அவருக்கு 50 லட்சம், அஞ்சு வருஷ ஒப்பந்தம். நிக்கிறது ஒரே வாசல், அதுக்கு ரெண்டு காவல், ஒரு கோடியே 20 லட்சம். அப்புறம் கோல் அடிக்க எவனைக் கூப்பிடுறது? அந்த வருஷத்து மாண்ட்ரியல் பிளேஆஃப் மேட்சை வேற நினைச்சுப் பாரு. முடிய ரெண்டு நிமிஷம்கூட இல்லை, 2-1-னு முன்னால நிக்கிறாங்க. நம்மாளு கோலுக்குப் பின்னாடி போயி பக்கை நிறுத்தப் பாக்குறாரு. அது மட்டையில நிக்காம வாசலுக்கு முன்னாடி வந்துருச்சு. மாண்ட்ரியல்காரன் ஆண்டர்சன் காலியா கிடந்த வலையில தள்ளி விட்டுட்டான், ஓவர்டைம்லயும் அவனே முடிச்சான். கணக்குப்பிள்ளைங்க இதையெல்லாம் மறப்பாங்களா?

அதனால அனுப்பினதை நான் குத்தம் சொல்லமாட்டேன். அனுப்பின அழகைத்தான் மெச்சணும். மாட்டை விக்கிறவன் கயித்தை மட்டும் கழட்டிக்கிட்டு வீட்டுக்கு வருவான் பாரு, அந்தச் சம்பிரதாயத்தை அமெரிக்காக்காரன் எங்க கத்துக்கிட்டானோ! ஃப்ளூரியை சிகாகோவுக்கு ஓட்டி விட்டுட்டு, மிக்கேல் ஹக்கரைனென்னு ஒரு கயித்தை வாங்கியாந்தான். அந்தப் பையன் வேகாஸ் சட்டை போட்டு ஒரு என்எச்எல் மேட்ச்கூட ஆடலை.

சேதி சொன்ன லட்சணம் இன்னும் பிரமாதம். கிளப்பு கூப்பிட்டுச் சொல்றதுக்கு முன்னாடியே ஃப்ளூரி அதை ட்விட்டர்ல பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டாருன்னு அவரு ஏஜென்ட் ஆலன் வால்ஷ் போட்டு உடைச்சாரு. அந்த வால்ஷும் லேசுப்பட்டவர் இல்லை. முந்தின வருஷந்தான் ஃப்ளூரி முதுகுல வாள் குத்தி நிக்கிற மாதிரி படம் போட்டு, வாள்மேல கோச் டிபோர் பேரை எழுதி வச்சிருந்தாரு. 70 லட்சத்தை மிச்சம் பிடிச்சவங்க, ஒரு போன் காசையும் சேர்த்து மிச்சம் பிடிச்சுட்டாங்க. சிக்கனம்னா அதுல்ல!

அடுத்த ஜனவரியில சிகாகோ சட்டையோட அவரு வேகாஸுக்கு வந்தப்போ அரங்கமே எந்திரிச்சு நின்னு கைதட்டுச்சு. அவரும் மரியாதையா கும்பிடு போட்டுட்டு, 30 ஷாட்டைத் தடுத்து 2-1-னு ஜெயிச்சுட்டுப் போயிட்டாரு. அந்த வருஷம் வேகாஸ் பிளேஆஃப் வாசலையே மிதிக்கலை. நீயும் நல்லா வேணும்னு குதிச்சே.

கொஞ்சம் பொறு, உன் பக்கமும் வர்றேன். 2023 ஜூன் 13, ஃப்ளோரிடாவை 9-3-னு அடிச்சு அதே வேகாஸ் ஸ்டான்லி கப்பைத் தூக்கினப்போ, அந்த 29-ம் நம்பர் சட்டையைப் போட்டுக்கிட்டே தொண்டை கிழியக் கத்தினது யாரு? நான் இல்லை! அன்னைக்கு கோல்ல நின்னது யாருன்னு யோசிச்சியா? ஃப்ளூரியை அனுப்பிட்டு வச்சுக்கிட்டாங்களே லெனரு, அவரு இடுப்பு ஆபரேஷன்ல அந்த சீசன் பூரா இறங்கவே இல்லை. நின்னது ஆடின் ஹில். நாலாவது ரவுண்டு டிராஃப்ட் சீட்டு ஒண்ணைக் குடுத்து சான் ஹோசேல வாங்கினவன். கோல்கீப்பர் பிராஸுவாவுக்கு அடிபட்டதால பிளேஆஃப்ல உள்ள வந்தவன். விரட்டி விட்ட ஆளும் இல்லை, வச்சுக்கிட்ட ஆளும் இல்லை, வழியில வந்தவன் கப்பை வாங்கிக் குடுத்துட்டான். இப்ப நிர்வாகத்தைக் கேளு, எல்லாம் நாங்க போட்ட திட்டம்பாங்க.

ஹில்லுக்கு இப்ப ஆறு வருஷ ஒப்பந்தம், வருஷத்துக்கு 62 லட்சத்து 50 ஆயிரம் டாலர். நீயும் அவன் சட்டை ஒண்ணு வாங்கப் போறியாமே? வாங்கு மாப்ளே, தாராளமா வாங்கு. பேரை மட்டும் தைக்காதே. ஊக்குல குத்தி வச்சுக்கோ.