ஜோடி சேர்த்தால் போதுமா?

கேள்வி: ஸ்ரீரங்கத்தில் ரயிலேறி, தாம்பரத்தில் இறங்கி வண்டலூர் பூங்கா போனோம். பிள்ளைகள் தேடிய ஒராங்குட்டான் மட்டும் இல்லை. ஒரு ஜோடி வாங்கிவிட்டால் பெருகிவிடாதா?

பதில்: பின்னியின் கதையைக் கேளுங்கள். 2003-ல் புனேயிலிருந்து ஒடிசாவின் நந்தன்கானன் போனவள், துணையே இல்லாமல் 2019-ல் இறந்தாள். அப்போது நம் உயிரியல் பூங்காக்களில் இருந்த ஒரே ஒராங்குட்டான் அவள்தான். துணை கிடைத்தாலும், ஒராங்குட்டானின் ஒரு பிரசவத்துக்கும் அடுத்ததற்கும் ஏழெட்டு ஆண்டு இடைவெளி. போர்னியோ இனத்தைச் சுமத்ரா இனத்தோடு கலக்கவும் கூடாது. ஜோடி எப்படிப் பெருகும்?

ஒராங்குட்டான் இல்லாவிட்டால் என்ன, வண்டலூரின் பெருமை நம் மேற்குத்தொடர்ச்சி மலைச் சிங்கவால் குரங்கு. அதன் பெண்கள் பிறந்த கூட்டத்தைவிட்டு நகரமாட்டார்கள், ஆண்தான் வெளியேறும். ஆகவே வம்சம் கலக்க, ஆணைத்தான் இடம் மாற்றவேண்டும். அங்கே ஆண்கள் எல்லாரும் வீட்டோடு மாப்பிள்ளைகளே! அடுத்த முறை அந்தக் கூண்டருகே அரைமணி நேரம் நில்லுங்கள்.